எட்டு மணி எத்தனை முறை அடிக்கும்?

போன இதழில் வேறு எதற்கோ பதில் சொல்லும்போது, “இப்போதெல்லாம் வானொலியின் பீப் ஒலியை நம்பிக் கடிகாரத்தைத் திருத்தாதீர்கள்” என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன. ஆகவே இந்த இதழ் முழுக்க ஒரே பொருள்தான். எறும்பு பற்றியும் இடி பற்றியும் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: சமையலறையில் பழைய வானொலி, கூடத்தில் மகன் வாங்கித் தந்த டிஜிட்டல் வானொலி. இரண்டிலும் ஒரே நிலையம்தான். காலை எட்டு மணிக்குப் பழையதில் பீப் அடித்து முடிந்து, செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்ன பிறகு புதியதில் பீப் அடிக்கிறது. புதுக் கருவி பிந்துவது என்ன நியாயம்? எது சரியான எட்டு மணி?
— ஓய்வு பெற்ற கணித ஆசிரியை

பதில்: பழையதுதான் சரியான எட்டு மணி, டீச்சர். புதியது பொய் சொல்லவில்லை; உண்மையைத்தான் சொல்கிறது, ஆனால் ஆறப்போட்டுச் சொல்கிறது.

பழைய அனலாக் முறையில் அறிவிப்பாளரின் குரல் மைக்கில் அதிர்கிறது. அந்த அதிர்வு மின்னோட்டமாகிறது. அந்த மின்னோட்டம் டிரான்ஸ்மிட்டரின் அலையை அப்படியே பிடித்து ஆட்டுகிறது. இடையில் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். டிரான்ஸ்மிட்டர் உங்கள் வீட்டிலிருந்து 60 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், ஒரு நொடியை 5000 பங்கு போட்டு அதில் ஒரு பங்கு நேரத்தில் குரல் வந்து சேர்ந்துவிடும்.

டிஜிட்டல் அலையும் அதே வேகத்தில்தான் ஓடுகிறது. ஏதோ டிஜிட்டல் அலை நொண்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள், அது இல்லை. தாமதம் வழியில் இல்லை, இரண்டு முனைகளிலும் இருக்கிறது. புறப்படும் இடத்தில் மூட்டை கட்ட நேரமாகிறது, சேரும் இடத்தில் அவிழ்க்க நேரமாகிறது.

இதை நான் முதலில் கண்ணால் பார்த்தது, வேலை பார்த்த நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில். அங்கே சுவரில் இரண்டு டி.வி. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று ஸ்டுடியோவிலிருந்து கம்பி வழியாக நேராக வருவது. மற்றொன்று, மொட்டைமாடி ஆன்டெனா பிடித்துத் தருவது. அதாவது ஊரார் வீட்டில் தெரியும் படம். அதை ‘ஆஃப்-ஏர்’ என்போம். பல வருடம் இரண்டிலும் ஒரே படம், ஒரே கணத்தில். டிஜிட்டல் டிரான்ஸ்மிட்டரை இயக்கிய முதல் நாள், செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் இருந்த சுவர்க் கடிகாரத்தில் செகண்ட் முள் முதல் டி.வி.யில் 60-ஐத் தொடும்போது இரண்டாவதில் 58-ல் இருந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த பையன் பதறிப்போய், “சார், ரெண்டு செகண்ட் எங்கயோ மாட்டிக்கிச்சு” என்றான். சாயங்காலம் வரை ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிச் செருகினோம். மாட்டவில்லை. அது அப்படித்தான் என்று புரிய எங்களுக்கே ஒரு நாள் ஆயிற்று.

சரி, அந்த இரண்டு நொடி எங்கே போகிறது? வானொலியை விடப் படத்தில் இது பளிச்சென்று தெரியும் என்பதால் படத்தை வைத்தே சொல்கிறேன்.

ஸ்டுடியோவுக்குள் ஓடும் எச்.டி. படம் சுருக்கப்படாதது. நொடிக்கு ஏறக்குறைய 148 கோடி பிட் (0 அல்லது 1 என்ற தகவல் துளி) ஒரு கம்பியில் ஓடும். அதை வீட்டுக்கு அப்படியே அனுப்ப முடியாது. ஒரு சேனலுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் 80 லட்சம் பிட், சில சமயம் அதுவும் இல்லை. 180 பேர் உட்காரும் கூட்டத்தை ஒரே நாற்காலியில் உட்கார வைக்கிற வேலை இது. இதைச் செய்யும் கருவிக்கு என்கோடர் என்று பெயர். அது என்ன தந்திரம் செய்கிறது? ஓடும் காட்சி என்பது அசையாப் படங்களின் வரிசைதான்; ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் என்ன மாறியதோ அதை மட்டும் அனுப்புகிறது. பந்து வீசுகிறவரின் கையில் பந்து இருப்பது முதல் படம். மட்டைக்கு அருகில் பந்து வந்துவிட்டது நான்காவது படம். இந்த இரண்டும் தெரிந்தால், நடுவில் உள்ள 2, 3-ஐ ‘முன்னும் பின்னும் பார்த்து நிரப்பிக்கொள்’ என்று சொல்லி மிகச் சில பிட்டில் முடித்துவிடலாம். ஆகவே அனுப்பும் வரிசை 1, 4, 2, 3.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இரண்டாவது படத்தை அனுப்ப வேண்டுமானால் நான்காவது படம் நடந்து முடிந்திருக்க வேண்டும். வரப்போவதைப் பார்க்காமல் வந்ததைச் சொல்ல என்கோடருக்குத் தெரியாது. அதனால் காத்திருக்கிறது. இதில் மட்டும் நொடியில் பத்திலொரு பங்கு போகும். ஆனால் அது அத்தோடு விடுவதில்லை. அடுத்து வருவது அமைதியான முகமா, ஆயிரம் பேர் கொடி ஆட்டும் கூட்டமா என்று இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். கூட்டம் என்றால் பிட் அதிகம் வேண்டும். முன்கூட்டியே சிக்கனம் பிடிக்க வேண்டும். ஒரே அலைவரிசையில் ஏழெட்டு சேனல் பங்கு போட்டால், யாருக்கு இப்போது அதிகம் தேவை என்று பேசி முடிக்கவும் நேரம் வேண்டும். கஷ்டமான படம் பெரிய மூட்டை, சுலபமான படம் சின்ன மூட்டை. குழாயோ ஒரே அகலம். ஆகவே இரண்டு முனையிலும் தண்ணீர்த் தொட்டி மாதிரி ஒரு பஃபர். உங்கள் வீட்டுப் பெட்டி தன் தொட்டி ஓரளவு நிரம்பும் வரை படத்தைத் திறக்காது. திறந்துவிட்டுப் பாதியில் வறண்டால் படம் நின்றுவிடுமே.

அடுத்த காத்திருப்பு எனக்கு மிகப் பிடித்தது. காற்றில் வரும் சிக்னலை ஒரு மின்னல், ஒரு மோட்டார், கடந்து போகும் ஒரு வண்டி கண நேரம் கெடுத்துவிடும். கெட்டால் தொடர்ச்சியாக ஒரு துண்டு போய்விடும். அதற்கு ஒரு யுக்தி. நான்கு சொற்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள், டீச்சர், கரும்பலகையில் எழுதுவது போல:

வா – ன – வி – ல்
க – டி – த – ம்
ம – ல் – லி – கை
சி – று – வ – ன்

இதை வரிவரியாக அனுப்பாமல், மேலிருந்து கீழாகப் பத்தி பத்தியாக அனுப்புங்கள்: வாகமசி, னடில்று, விதலிவ, ல்ம்கைன். வழியில் இரண்டாவது துண்டு முழுக்க அழிந்துபோகிறது என்று வைப்போம். பெறுகிறவர் மறுபடி வரியாக அடுக்கினால் வா_வில், க_தம், ம_லிகை, சி_வன். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்துதான் இல்லை. எந்தப் பிள்ளையும் நிரப்பிவிடும். வரிவரியாக அனுப்பியிருந்தால் ‘கடிதம்’ என்ற சொல்லே காணாமல் போயிருக்கும். யாராலும் மீட்க முடியாது. அழகான யுக்திதான். ஆனால் முதல் துண்டான ‘வாகமசி’யை அனுப்ப நான்காவது சொல் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். மறுபடியும் காத்திருப்பு. பெறுகிறவரும் கடைசித் துண்டு வரும்வரை முதல் சொல்லைப் படிக்க முடியாது. உங்கள் கூடத்து வானொலி டிஏபி (டிஜிட்டல் ஆடியோ பிராட்காஸ்டிங்) வகை என்றால், இப்படிக் கலைத்து அடுக்குவதற்கு மட்டும் 384 மில்லிநொடி, அதாவது நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகிறது.

கடைசியாக ஒன்று. பல டிரான்ஸ்மிட்டர்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நிகழ்ச்சியை அனுப்பும் அமைப்புகள் உண்டு. அவை ஒன்றையொன்று கெடுக்காமலிருக்க, ஒரே பிட்டை ஒரே கணத்தில் விட்டாக வேண்டும். பக்கத்துக் குன்றில் இருப்பதற்கு நிகழ்ச்சி சீக்கிரம் போய்ச் சேரும், தொலைவில் இருப்பதற்குத் தாமதமாக. அதனால் எல்லா டிரான்ஸ்மிட்டரும் ஜிபிஎஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கடைசி ஆள் வந்து சேரும் வரை நிகழ்ச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும். இதற்கு ஒரு நொடி வரை ஒதுக்க இடமிருக்கிறது. நீங்கள் டிரான்ஸ்மிட்டருக்கு அடியிலேயே குடியிருந்தாலும் இந்தக் காத்திருப்பிலிருந்து தப்பிக்க முடியாது.

இத்தனையும் சேர்ந்ததுதான் உங்கள் வீட்டில் எட்டு மணி இரண்டு முறை அடிப்பது.

பீப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிபிசி 1924 பிப்ரவரி 5 அன்று இதைத் தொடங்கியது. மொத்தம் ஆறு பீப். முதல் ஐந்தும் நொடியில் பத்திலொரு பங்கு, ஆறாவது அரை நொடி. கடைசியை நீட்டியது 1971-ன் இறுதியில்தான். அந்த நீண்ட பீப் முடியும்போது மணி ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தொடங்கும் கணம்தான் மணி. நிலையத்தில் இன்றும் அது துல்லியமாகத்தான் புறப்படுகிறது. டிஜிட்டலில் கேட்பவர் காதில் விழும்போது கெட்டுவிடுகிறது. சேரும் நேரம் தெரியாத ஒலியை நேரம் சொல்வதற்கு வைத்துக்கொண்டிருப்பது பழக்கதோஷம் என்பது என் கட்சி. எனக்கும் அந்த ஒலி பிடிக்கும், அது வேறு.

*

கேள்வி: மகள் உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கிறாள். வீடியோ காலில் அவள் சிரித்த உடனே எனக்குத் தெரிகிறது. பக்கத்து ஊர் மைதானத்துப் போட்டி மட்டும் டி.வி.யில் ஐந்து நொடி கழித்து வருகிறது. ஐயா, இது எப்படி?
— ஒரு தாய்

பதில்: நல்ல கேள்வி அம்மா. மேலே சொன்ன காத்திருப்புகளில் எதையும் வீடியோ கால் அந்த அளவுக்குச் செய்வதில்லை. அடுத்த படத்துக்காக நிற்பதில்லை, கலைத்து அடுக்குவதில்லை, தொட்டியைத் துளியளவுக்கு மேல் நிரப்புவதில்லை. வந்ததைக் காட்டும், வராததை விட்டுவிடும். அதனால்தான் நடுநடுவே உங்கள் மகளின் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது, குரல் ரோபோ மாதிரி ஆகிறது. உடனே நீங்கள் “கேக்கல, மறுபடி சொல்லு” என்கிறீர்கள், அவள் மறுபடி சொல்கிறாள். தொலைபேசி உரையாடல் இயல்பாக இருக்க வேண்டுமானால் ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சொல்கிறது. அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, இருவரும் நிறுத்தி, மறுபடி இருவரும் ஆரம்பிப்பீர்கள்.

ஒளிபரப்பில் யாரும் “மறுபடி சொல்லு” என்று கேட்க முடியாது. அது ஒருவழிப் பாதை. கோடிப் பேர் கேட்கிறார்கள், ஒருவருக்கும் திரும்பிப் பேச வழியில்லை. ஆகவே வழியில் என்ன கெட்டாலும், கேட்காமலே சரிசெய்துகொள்ளும்படி கட்டி அனுப்ப வேண்டும். உங்கள் மகள் ஒரு வார்த்தையை விழுங்கினால் நீங்கள் மன்னிப்பீர்கள். இறுதிப் போட்டியின் கடைசிப் பந்தில் படம் கட்டம் கட்டமானால் டி.வி.க்காரரை யார் மன்னிப்பார்கள்?

*

கேள்வி: நான் இணையத்தில் போட்டி பார்க்கிறேன். மேல் வீட்டில் டிஷ். அவர்கள் “ஓ!” என்று கத்திய பிறகு எனக்குப் பந்து வீச்சாளர் ஓடிவரவே ஆரம்பிக்கிறார். விக்கெட் விழப்போகிறது என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பது கொடுமை சார்.
— பொறியியல் மாணவர்

பதில்: கொடுமைதான் தம்பி. மேல் வீட்டுக்காரரே உண்மையான நேரத்துக்கு ஐந்தாறு நொடி பின்னால் இருக்கிறார் என்பதுதான் உனக்கு ஆறுதல்.

இணையத்தில் படம் தொடர்ச்சியாக ஓடிவருவதில்லை. துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு கோப்பாக வைத்துவிடுவார்கள். உன் போன் வந்து எடுத்துக்கொண்டு போகும். 2009-ல் ஆப்பிள் எச்எல்எஸ் என்ற முறையைக் கொண்டுவந்தபோது ஒரு துண்டு 10 நொடி. பிறகு 6 நொடி போதும் என்றார்கள். ஒரு துண்டு முழுதாக வெட்டி முடிந்தால்தான் கோப்பாகும், ஆகவே அங்கே 6 நொடி போச்சு. பிளேயர் சாமானியமாக மூன்று துண்டு கையிருப்பு வைத்துக்கொண்டுதான் ஓட்டும். மூவாறு பதினெட்டு. உன் இணைப்பு வேகமோ மந்தமோ என்று நாலைந்து தரத்தில் தனித்தனியாகச் சுருக்க வேண்டும். உலகெங்கும் உள்ள சர்வர்களுக்குப் பிரதி போக வேண்டும். 30 நொடி சர்வ சாதாரணமாக ஆகிவிடும். ஓர் ஓவரின் ஒரு பந்தே போய்விடுகிறது.

இதைக் குறைக்க வழி இருக்கிறது. 2019-ல் அதே முறையின் தாமதம் குறைந்த வடிவத்தை அறிவித்தார்கள். துண்டு முழுசாகும் வரை நிற்காமல் துணுக்கு துணுக்காகக் கொடுப்பது. சில நொடிகளுக்குள் கொண்டுவரலாம். ஆனால் கையிருப்பு குறைந்தால் நெட் கொஞ்சம் தடுக்கினாலும் அந்த வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றும் வட்டத்தையும் முந்திக் கேட்கும் கூச்சலையும் தராசில் வைத்தால், நடத்துபவர்கள் பெரும்பாலும் கூச்சலைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். கூச்சலுக்கு அவர்களிடம் யாரும் புகார் செய்வதில்லை.

இன்னொன்று: போனில் ஸ்கோர் சொல்லும் அறிவிப்பை அணைத்து வை. அது நாலு எழுத்து. சுருக்க வேண்டியதில்லை, துண்டு போட வேண்டியதில்லை. மேல் வீட்டையும் முந்திவிடும். இந்த இடைவெளியில் பணம் பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். மைதானத்தில் உட்கார்ந்து, படம் வெளியே போய்ச் சேருவதற்குள் புள்ளியை அனுப்பிப் பந்தயம் கட்டுவது. 2014 ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸில் இதற்காக ஒருவரைக் கைது செய்தார்கள். பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். டென்னிஸில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை நொடி, யோசித்துப் பார்.

*

கேள்வி: ஒரே வீடு, ஒரே ஆன்டெனா, ஒரே சேனல். முன் அறை டி.வி.க்கும் படுக்கை அறை டி.வி.க்கும் அரை நொடி வித்தியாசம். வீடே கோயில் மண்டபம் மாதிரி எதிரொலிக்கிறது. ஏன்?
— எதிரொலியில் வாழ்பவர்

பதில்: ஒரே சிக்னல்தான் இரண்டுக்கும் வருகிறது. அவிழ்க்கும் கைகள் வேறு. ஒரு கம்பெனிக்காரர் தொட்டியைப் பெரிதாக வைப்பார், இன்னொருவர் சிறிதாக. அதன்பின் புது டி.வி.க்கள் படத்தை ‘மெருகேற்றும்’: இல்லாத படங்களை இடையில் செருகும், கூர்மையாக்கும். ஒவ்வொன்றுக்கும் சில படங்கள் அளவு நேரம். டி.வி. அமைப்புகளில் ‘கேம் மோட்’ என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டுப் பாருங்கள். மெருகு வேலையெல்லாம் நின்று கொஞ்சம் முந்தும். என் வீட்டிலும் இதே சங்கடம் இருந்தது. படுக்கை அறை டி.வி.யின் ஒலியை நிறுத்திவிட்டேன், அதுதான் சுலபமான தீர்வு.

*

கேள்வி: எங்கள் வீட்டுப் பெட்டியில் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். பேச்சு முந்தினால் சகிக்கவே முடியவில்லை, பிந்தினால் அவ்வளவாகத் தெரியவில்லை. என் கண் கோளாறா?
— தையல் கலைஞர்

பதில்: உங்கள் கண் அபாரம். பேச்சு 45 மில்லிநொடி முந்தினாலே மனிதருக்குத் தெரிந்துவிடும். பிந்தினால் 125 வரை தெரியாது என்று சர்வதேசப் பரிந்துரையே இருக்கிறது. இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் வரும். தூரத்தில் துணி துவைப்பவர் அடிப்பது முதலில் தெரியும், பிறகு கேட்கும். கேட்ட பிறகு தெரிவது உலகத்தில் எங்கும் நடப்பதில்லை. அதனால் மூளை உடனே துள்ளுகிறது.

படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனியாக நேர முத்திரை குத்தித்தான் அனுப்புகிறார்கள். நொடியை 90,000 பங்கு போட்ட கடிகாரம் அது. பெட்டி அந்த முத்திரையைப் பார்த்துத்தான் இரண்டையும் சேர்த்து வெளியே விட வேண்டும். பெட்டிக்குப் பிறகு, டி.வி. படத்தை மட்டும் மெருகேற்றப் பிடித்துவைத்துக்கொண்டு, ஒலி வேறு ஸ்பீக்கர் வழியாகப் போனால் ஒலி முந்திவிடும். ஸ்பீக்கர் கருவியில் ‘ஆடியோ டிலே’ இருந்தால் 40, 80, 120 என்று கூட்டிப் பாருங்கள். கதவு சாத்தும் காட்சி சோதிக்க நல்லது. உதட்டை விடக் கதவு நேர்மையானது.

*

கேள்வி: செய்தியில் நிருபரிடம் கேள்வி கேட்டால், அவர் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்று, தலையை ஆட்டி, அப்புறம்தான் பேசுகிறார். கேள்வி புரியவில்லையா?
— கல்லூரி மாணவி

பதில்: கேள்வி இன்னும் போய்ச் சேரவில்லை, பாப்பா. செயற்கைக்கோள் பூமிக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் நிற்கிறது. ஏறி இறங்க ஏறக்குறைய 72,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்திலும் கால் நொடி. இதில் மட்டும் வழியே தாமதமாகிறது, மற்ற எல்லாவற்றிலும் மூட்டை கட்டுவதுதான் என்று மேலே சொன்னேனே. கேள்வி போகக் கால் நொடி, பதில் வரக் கால் நொடி, இரு பக்கமும் சுருக்கி விரிக்க இன்னும் சில. நீ பார்ப்பது இத்தனையும் கூட்டிய மௌனம்.

நிருபரின் காதில் ஸ்டுடியோவின் ஒலி முழுதும் கொடுப்பதில்லை. அதில் அவர் குரலை மட்டும் கழித்துவிடுவோம், ‘மிக்ஸ்-மைனஸ்’ என்போம். கழிக்க மறந்தால், தான் பேசியது தனக்கே பிந்தி வந்து விழும். கால் நொடியை ஒட்டிய தாமதத்தில் சொந்தக் குரல் திரும்பக் கேட்டால் யாராக இருந்தாலும் நாக்குக் குழறும். 200 மில்லிநொடி அளவில் குழறல் உச்சம். எங்கள் நிலையத்தில் பழைய அறிவிப்பாளர் ஒருவர், ஒலிபரப்பாகும் குரலைத் தானே ஆஃப்-ஏர் வானொலியில் கேட்டுக்கொண்டே பேசுவார். தரம் சரியாகப் போகிறதா என்று தெரிந்துகொள்ளும் தொழில் சுத்தம். டிஜிட்டல் வந்த அன்று பழக்கத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு “நேயர்களுக்கு” என்றார். அடுத்த வார்த்தைக்குள் முதல் வார்த்தை திரும்பி வந்துவிட்டது. மனிதர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அன்று முழுக்க வெறுங்காதோடு பேசினார். பிறகு ஸ்டுடியோ மிக்சரிலிருந்தே நேராக அவருக்கு ஒரு கம்பி இழுத்துக் கொடுத்தோம். “இது என் குரல்தான், ஆனா ஊருக்குப் போச்சான்னு தெரியலையே” என்று ஓய்வு பெறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

*

கேள்வி: எல்லாம் சாக்கு. கெட்ட வார்த்தையை வெட்டத்தான் வேண்டுமென்றே பிந்திப் போடுகிறார்கள். சரியா?
— எதையும் நம்பாதவர்

பதில்: அதுவும் உண்டு, ஆனால் அது தனி. நேயர்கள் தொலைபேசியில் பேசும் வானொலி நிகழ்ச்சிகளில் சில நொடி பிடித்துவைத்து விடுவது பழைய வழக்கம். டிஜிட்டலுக்கு முன்பே நாடாவைச் சுற்றிவிட்டு இதைச் செய்தார்கள். 2004 ஆஸ்கர் விழாவை 5 நொடி பிடித்துவைத்து ஒளிபரப்பினார்கள். அது மனிதர் ஒருவர் பொத்தானில் விரல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாமதம். நான் சொன்னது யாரும் உட்காராமலே வரும் தாமதம்.

மறுபக்கமும் பாருங்கள். ஜப்பானில் 2007 அக்டோபரில் பொதுமக்களுக்கு நிலநடுக்க முன்னெச்சரிக்கை தொடங்கினார்கள். அங்கே இரண்டு நொடி என்பது மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளும் நேரம். டிஜிட்டல் படத்தோடு சேர்த்து மூட்டை கட்டினால் எச்சரிக்கையும் பிந்தும் என்பதால், அதைத் தனி எழுத்தாக முந்தி அனுப்பும் வழி செய்தார்கள். தாமதம் வேண்டும் என்று யாரும் ஆசைப்படவில்லை, ஐயா.

*

கேள்வி: அப்படியானால் கடிகாரத்தை எதைப் பார்த்து வைப்பது?
— சுருக்கமாகக் கேட்பவர்

பதில்: கைபேசியின் தானியங்கி நேரம். அது கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதில்லை. கேள்வி போய்ப் பதில் வர எவ்வளவு நேரமானது என்று அளந்து, அதில் பாதியைக் கூட்டிக்கொள்கிறது. ஒருவழிப் பாதையான வானொலிக்கு இந்த வசதி இல்லை.

*

கேள்வி: டி.வி. வர்ணனை பிடிக்காது. படத்தை மட்டும் வைத்து, ஒலிக்கு வானொலி வர்ணனை கேட்பது என் அப்பா காலத்து வழக்கம். இப்போது வானொலி முந்திக்கொண்டு ‘அவுட்’ என்கிறது, படத்தில் பந்து கையில் இருக்கிறது. ஒரு வழி சொல்லுங்கள் சார்.
— வானொலிப் பிரியர்

பதில்: உங்கள் கட்சிதான் நானும். முதலில் ஒரு வேடிக்கை: அந்தக் காலத்தில் மைதானத்தில் மட்டையிலிருந்து 100 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு ‘டொக்’ சத்தம் 0.3 நொடி கழித்துத்தான் கேட்கும். ஒலி நொடிக்கு 340 மீட்டர்தானே. ஸ்டம்ப் அருகே மைக் வைத்த அனலாக் வானொலி, பூமியின் மறுகோடியில் கேட்டவருக்கும் அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும். காசு கொடுத்து உள்ளே போனவரை வீட்டில் இருந்தவர் முந்தினார்.

இப்போது வழி. எது முந்துகிறதோ அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். பிந்துவதை முடுக்க முடியாது. வானொலி முந்தினால், அதை நிறுத்தி வைக்கும் வசதியுள்ள கருவியிலோ செயலியிலோ கேளுங்கள். அனலாக் வானொலியை அப்படியே பிடிக்க முடியாது. அதன் ஒலியைக் கணினிக்குள் விட்டு, தாமதம் சேர்க்கும் மென்பொருள் வழியாக வெளியே எடுக்க வேண்டும். இணைய வானொலி என்றால் பெரும்பாலும் அதுதான் டி.வி.க்குப் பின்னால் இருக்கும். அப்போது பதிவு வசதியுள்ள பெட்டியில் டி.வி.யை நிறுத்துங்கள்.

அளவெடுப்பது இப்படி. படத்தில் மட்டையில் பந்து படும்போது ‘ஒன்று’ என்று எண்ண ஆரம்பித்து, வானொலியில் ‘டொக்’ கேட்கும்வரை எண்ணுங்கள். வானொலி முந்தினால் ‘டொக்’கில் ஆரம்பித்துப் படத்தில் முடியுங்கள். நான்கு ஐந்து பந்துக்குச் செய்தால் ஒரு எண் கிடைக்கும். அந்த அளவு நிறுத்திவிட்டு, பிறகு அரை அரை நொடியாகத் தட்டிச் சரிசெய்யுங்கள். ஒலி ஒரு முடி பிந்தியிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்; தையல் கலைஞருக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். இடையில் சேனலை மாற்றிவிட்டு வந்தால் எண் மாறியிருக்கும். அதனால் ரிமோட்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.